ராசா அடுப்படிக்குப் போன நாள்

நான் வேலையை விட்ட அன்று நீங்கள் இருவரும் கேக் வாங்கி வந்திருந்தீர்கள். "நாலு வார்த்தை பேசுங்க அக்கா" என்றீர்கள். கேக்கின் மேல் எழுதியிருந்த என் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் "வெட்டலாமா?" என்றேன். அது ஒரு வார்த்தை. மிச்சம் மூன்றையும் இப்போது எழுதுகிறேன். எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு இந்தக் கடைக்கு வந்தவள் நான். துணிக்கடையில் சேர்ந்தால் வாசலில் நின்று "வாங்க வாங்க" என்று கூப்பிட வேண்டும். நம்முடையதைப் போன்ற வளர்ப்பு மீன் கடையில் அது தேவையில்லை. கண்ணாடிக்குள் ஒரு மீன் திரும்பினால் போதும், பஜாரில் போகிறவர்கள் தானாகவே உள்ளே வருவார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது என்றுதான் நானும் நினைத்தேன். முழங்கால் ஈரத் தரையில் நிற்க மாட்டேன் என்று சொன்ன நாள் வரை அப்படித்தான் நினைத்தேன், ஒரே ஒரு நாளைத் தவிர.

அந்த நாளைச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நுவரெலியாவில் புல் மேல் உப்புக் கொட்டினது போல உறைபனி விழுகிற காலையில் மாட்டைப் பாருங்கள். மூக்கிலிருந்து புகை விட்டுக்கொண்டு அசை போட்டபடி நிற்கும். அது தின்கிற புல்லே வயிற்றுக்குள் அடுப்பாக எரிகிறது. கோழி இறகைப் புடைத்துக்கொண்டு தன்னையே போர்வையாக்கிக்கொள்ளும். நாய் வாலை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு வட்டமாகிவிடும். இவற்றுக்கெல்லாம் உள்ளே ஒரு சூடு இருக்கிறது. அதை வெளியே விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மீனுக்கு அந்த அடுப்பு கிடையாது. தண்ணீர் எவ்வளவு சூடோ மீனும் அவ்வளவுதான். தங்க மீன் குளிர் நாட்டுப் பிள்ளை. தண்ணீர் சில்லிட்டால் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அடியில் போய், எல்லா வேலையையும் மெதுவாகச் செய்துகொண்டு காலத்தைக் கடத்திவிடும். நம் கடையில் இருக்கிற மற்ற மீன்களில் பெரும்பாலானவை வெயில் நாட்டுப் பிள்ளைகள். அவற்றுக்கு ஹீட்டர் வேண்டும். அதைவிட முக்கியம், சூடானாலும் குளிரானாலும் மெதுவாக மாற வேண்டும்.

நம்முடைய ஆட்களுக்கு இதுதான் புரிவதில்லை. மலையில் நாம் அன்பைக் காட்டுவதே வெந்நீரால்தான். விருந்தாளி வந்தால் முதலில் குளிக்க வெந்நீர் வைப்போம். பிள்ளை பிறந்தால் வெந்நீர், மழையில் நனைந்து வந்தால் வெந்நீர். நான் சேர்ந்த புதிதில் இறம்பொடையிலிருந்து புது மாப்பிள்ளை ஒருவர் மனைவிக்கு என்று கப்பி மீன் வாங்கிப் போனார். மறுநாளே திரும்பி வந்தார்.

"என்னா தங்கச்சி, சீக்கு மீனக் குடுத்திட்டீங்க. எல்லாம் மெதந்திருச்சு."

"தண்ணி மாத்தினீங்களா?"

"மாத்தல. ராத்திரி குளுரா இருந்துச்சு. பாவமேன்னு ஒரு கேத்தல் வெந்நீர் ஊத்தினேன்."

"முழுக் கேத்தலுமா?"

"அரைக் கேத்தல்தான் ஊத்தலாம்னு இருந்தேன். அவதான், கஞ்சத்தனம் பாக்காதீங்கன்னா."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம் வரவில்லை. அன்பு கூடினதால் செத்த மீன்கள் அவை. நான் வேறு மீன் பிடித்துக் கொடுத்து, கேத்தலை மீன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

இனி ராசாவின் கதை.

நம் கடை இருக்கிற கட்டடம் பக்கத்து ஹாட்வெயார் கடை ஐயாவுக்குச் சொந்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் வளர்க்கிற பிளவர்ஹோர்ன் மீன்தான் ராசா. நெற்றியில் முழுக் கொழுக்கட்டை ஒன்றை ஒட்டி வைத்தது போல மேடு, உடம்பெல்லாம் சிவப்பு, குணம் சுத்தமாகக் கிடையாது. தொட்டிக்குள் விரலை விட்டால் கடிக்கும். ஐயா அதைத் தன் அதிர்ஷ்டம் என்று நம்பினார். சாமான் ஏற்றின லொறி புறப்படும் முன் ராசாவின் முகத்தில் விழித்துவிட்டுத்தான் டிரைவர் சாவியைத் தொட வேண்டும்.

ஊரெல்லாம் கரண்ட் இல்லை, கேஸ் இல்லை, பெற்றோல் இல்லை என்று கிடந்த அந்தக் காலத்தில், எப்போதோ வைத்த வேண்டுதலுக்காக ஐயாவும் அவர் வீட்டு அம்மாவும் இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை புறப்பட்டார்கள். ராசாவை எங்கள் கடையில் விட்டுவிட்டு, ஐயா எங்கள் முதலாளியிடம் சொன்னார்:

"கடை ஒப்பந்தம் முடியப் போகுது. போன் கடைக்காரன் ஒருத்தன் இந்த எடத்தக் கேட்டு நச்சரிக்கிறான். வந்து பேசிக்கலாம். ராசாவ நல்லாப் பாத்துக்கங்க."

இரண்டும் வேறு வேறு விஷயம் போலத்தான் சொன்னார். ஆனால் அவர் போனதும் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"புஷ்பம், ராசா இருந்தா கட இருக்கும். ராசா போனா, நீயும் நானும் போன் கவர்தான் விக்கணும்."

"எனக்குப் போன் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே."

"அதுக்குத்தான் சொல்றேன்."

ஐயா தினமும் வீடியோவில் கூப்பிட்டு ராசாவைக் காட்டச் சொல்வார். ராசாவும் அவர் முகத்தைப் பார்த்ததும் கண்ணாடியை முட்டிக் கடிக்கப் பாயும். "பாத்தியா, என்ன மறக்கல!" என்று ஐயா கண் கலங்குவார்.

கரண்ட் போய் ஹீட்டர் நின்ற நேரங்களில் வெந்நீரை மூடியிட்ட போத்தல்களில் அடைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சமாளித்தோம். தண்ணீரில் தண்ணீர் கலக்காது, சூடு மட்டும் மெதுவாக இறங்கும். கேஸ் முடிந்ததும் அந்த வழியும் அடைபட்டது. கினிகத்தேனையில் கேஸ் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு முதலாளி வரிசையில் நிற்கப் போனார். அன்று பார்த்து விடியும்போதே கரண்ட் போனது. பஜார் முழுக்க மூடுபனி. நாலு கடை தள்ளி இருக்கிற பேக்கரியும் அடுப்பு மூட்டாமல் சாத்திக் கிடந்தது.

மத்தியானம் ஆகும் முன்பே ராசாவின் சிவப்பு வெளுத்துவிட்டது. உடம்பில் கறுப்புக் கோடுகள் வந்தன. தொட்டியின் அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பயந்துகொண்டே விரலை உள்ளே விட்டேன். கடிக்கவில்லை. அதுதான் என்னைக் கலக்கிவிட்டது.

முதலாளிக்குப் போன் போட்டேன்.

"கம்பளியப் போட்டு மூடு புஷ்பம்!"

"கம்பளி சூடு தராதுங்க. உள்ள இருக்கிற சூட்டத்தான் போகாம பிடிச்சு வைக்கும். உள்ள சூடே இல்லீங்களே."

"அப்ப என்ன செய்யலாம்?"

"தெரியலீங்க."

"நான் கேஸ் போலிம் வரிசையில நூறு பேருக்குப் பின்னால நிக்கிறேன். நீதான் யோசிக்கணும்" என்று வைத்துவிட்டார்.

அப்போது கடைக்கு முன்னால் கொழுந்து லொறி வந்து நின்றது. என் வீட்டுக்காரர்தான். தோட்டத்து மலைகளில் பறித்த கொழுந்தைத் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப் போகிற லொறி அவருடையது. ஊருக்கே பெற்றோல் இல்லாவிட்டாலும் கொழுந்துக்கு டீசல் கிடைத்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன புஷ்பம், ஐயாவோட அதிர்ஷ்டம் படுத்திருச்சா?"

"வாயக் கழுவுங்க."

"கேஸும் இல்ல, கரண்டும் இல்ல. பச்சத் தண்ணியில கழுவுனா பல்லு ஒடைஞ்சிரும்."

"வெளையாடாதீங்க. இந்த ஊருல எங்கயாவது சூடா ஒரு எடம் இருக்கா?"

அவர் யோசிக்கவே இல்லை. "எங்க பெக்டரி அடுப்புதான். வெறகு அடுப்பு. கரண்டு போனாலும் அத அணைக்க மாட்டாங்க. அணைச்சா மறுபடி சூடேத்த அர நாள் போயிரும்."

மீன்கள் வருகிற, இலேசான வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, ராசாவை இறக்கி, பட்டரியில் ஓடும் காற்றுப் பம்பை மாட்டி மூடினேன். கடையில் மிச்சம் இருந்தவை குளிர் தாங்குகிற தங்க மீன்கள்தான் என்பதால் கடையைச் சாத்தினேன். லொறியின் பின்னால் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் பெட்டியை வைத்தோம். சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள், நெருக்கி அடைத்த கொழுந்து தானாகவே கதகதப்பாகும். கொழுந்துக்கு அது கெடுதி. ராசாவுக்கு அன்று அதுதான் முதல் மருந்து. நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சாக்கின் மேலேயே உட்கார்ந்து போனேன்.

தொழிற்சாலை வாசலில் டீமேக்கர் ஐயா நின்றுகொண்டிருந்தார். தேயிலையின் தரத்துக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. பெட்டியைப் பார்த்தார்.

"என்னா அது?"

என் வீட்டுக்காரர் "மருந்துச் சாமான் ஐயா" என்றார். பெட்டிக்குள் ஏதோ புரண்டது. மருந்து புரளாது என்பது டீமேக்கருக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்தபடியே உண்மையைச் சொன்னேன்.

"மீனுங்க."

"மீனா? தேயில பெக்டரிக்குள்ள மீனா?" அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "நான் இங்க வெங்காயம் உரிச்ச கையோட வந்தவன வீட்டுக்கு அனுப்பிருக்கேன். மல்லியப் பூ வச்சிக்கிட்டு வந்த பிள்ளைய வாசல்லயே நிறுத்திருக்கேன். தேயில எந்த மணத்தையும் இழுத்துக்கும். மீன் வாடையோட டீ குடிப்பியா நீ?"

திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. ஆனால் லொறியில் ஏறினால் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே போய் அது சாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். எப்படியோ வாய் திறந்தது.

"உசுரோட இருக்கிற மீன் மணக்காதுங்க ஐயா. செத்தாத்தான் மணக்கும். இங்க வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா, கொஞ்ச நேரத்துல மணக்கத் தொடங்கிரும்."

டீமேக்கர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, தேயிலையை முகர்கிற அதே மூக்கால் பெட்டியின் இடுக்கை முகர்ந்தார். ஒரு முறை. நன்றாக இழுத்து இன்னொரு முறை.

"ஒண்ணும் இல்லதான்" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. "பின்பக்கமா அடுப்படிக்குக் கொண்டு போ. உள்ள ஒரு அடி வச்சா, மீனையும் உன் புருசனையும் சேத்து எரிப்பேன்."

அடுப்படி தொழிற்சாலைக்குப் பின்னால், விறகுக் குவியல்களுக்கு நடுவில் தனியாக இருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொள்கிற மாரியப்பன் அண்ணன் வருசக்கணக்காக நெருப்போடு மட்டும் பேசிப் பழகியவர். ராசாவைக் கண்டதும் வீட்டுக்கு விருந்தாளி வந்ததைப் போல ஆகிவிட்டார்.

"அடடா, என்னமா நெத்தி! குளுருதா ராசா? பொறு தங்கச்சி, ஒரு வாளி வெந்நீர் ஊத்துறேன்."

"வேணாம்ணே!"

"கை பொறுக்கிற சூடுதான்."

"அண்ணே, ஆறிப்போன அடுப்புல ஒரே தடவையில வெறக அடைச்சு முழுசா எரிய விடுவீங்களா?"

"விட்டா இரும்பு வெடிச்சிரும்ல?"

"இதுவும் அப்படித்தான்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு, எனக்கு உட்கார ஒரு விறகுக் கட்டையை உருட்டிவிட்டார். மூடியைப் பாதி திறந்து, பெட்டியை அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்தேன். வெப்பமானியைப் பார்த்து, கொஞ்சம் ஏறியதும் ஒரு முழம் கிட்டே நகர்த்தினேன். மறுபடி பார்த்தேன், மறுபடி நகர்த்தினேன். மாரியப்பன் அண்ணன் பொறுமை இழந்து, "இப்படிச் சூடு பிடிச்சா எங்க டீமேக்கர் என்ன எப்பவோ வெரட்டிருப்பாரு" என்றார். பின்னேரம் ராசாவின் கோடுகள் மங்கின. நிமிர்ந்து நீந்தியது. விரலை விட்டேன். கடித்தது. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகுதான் உண்மையான ஆபத்து வந்தது.

போன் அடித்தது. ஐயாவின் வீடியோ. அடுப்பு கண்ணில் பட்டால் பதறிப்போவார். முன்வாசலுக்கு ஓடினேன். தரிசனக் கதையை முதலிலிருந்து சொல்லி முடித்துவிட்டுத்தான் சுற்றிலும் பார்த்தார்.

"எங்க ராசா? இது என்ன எடம்? கட மாதிரித் தெரியலயே?"

"ராசா நல்லா இருக்குங்க ஐயா. கொஞ்சம் வெளிய..."

"வெளியயா? மீனு எங்க வெளிய போகும்?"

நான் பதில் சொல்லும் முன் பின்னால் பெரிய இரைச்சல் எழும்பியது. கரண்ட் வந்துவிட்டது. தேயிலை காய வைக்கிற இயந்திரம் ஓடத் தொடங்கியது. உள்ளே டீமேக்கர் "நெருப்ப ஏத்து! நெருப்ப ஏத்து!" என்று கத்துவது கேட்டது.

போனைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். ஐயாவின் கண்ணுக்கு வானம், என் செருப்பு, விறகு, மறுபடி வானம் என்று தெரிந்திருக்க வேண்டும். கடைசியாக, வாய் திறந்த அடுப்பும் அதற்கு முன்னால் அவருடைய ராசாவும் தெரிந்திருக்கும்.

"அடிப்பாவி! பொரிக்கப் போறியா!"

மாரியப்பன் அண்ணன் ஒரு கையால் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். பெட்டியை அவரே இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தியிருக்கிறார், விருந்தாளிக்குக் குளிராமல் இருக்கட்டும் என்று. ரெஜிபோம் பெட்டியின் ஒரு மூலை அப்பளம் போல வளைந்திருந்தது. ராசா தண்ணீரின் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது.

நானும் அண்ணனும் பெட்டியை இழுத்துத் தூரத்தில் வைத்தோம். அண்ணன் பதறிப்போய், மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரை வாளியில் அள்ளினார். கைபட்டால் வலிக்கும் குளிர் அது.

"ஊத்திரவா தங்கச்சி?"

"ஊத்துடா! ஊத்து!" என்று போனுக்குள்ளிருந்து ஐயா கத்தினார். "அவ பேச்சக் கேக்காத, ஊத்து!"

அந்த இடத்தில்தான் என் வேலைக்காலம் முழுவதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் சூடு, வாளிக்குள் குளிர், போனுக்குள் கட்டடத்தின் சொந்தக்காரர். மூன்றும் ஒரே நேரத்தில் அவசரப்படுத்தின. மீன் மூச்சு வாங்கினது சூட்டால் மட்டும் இல்லை. சூடான தண்ணீரில் காற்று தங்காது. பட்டரிப் பம்பு போதவில்லை; அதற்கு உடனே வேண்டியது காற்று. குளிர் மெதுவாக வந்தால் போதும்.

போனை விறகின் மேல் சாய்த்து வைத்தேன். அதைப் பார்த்துச் சொன்னேன்:

"ஐயா, கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருங்க."

ஐயாவின் சத்தம் நின்றது. மாரியப்பன் அண்ணனும் வாளியோடு அப்படியே நின்றார்.

மூடியை முழுதாக எடுத்துவிட்டு, அண்ணனின் தேத்தண்ணீர்க் கோப்பையை வாங்கிக் கழுவி, பெட்டித் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து அதற்குள்ளேயே ஊற்றினேன். மறுபடி அள்ளினேன், மறுபடி ஊற்றினேன். மேலே இருந்த மூடுபனிக் காற்று தண்ணீரைத் தானாக ஆற வைத்தது. கை வலித்தபோது அண்ணன் கோப்பையை வாங்கிக்கொண்டார். போனிலிருந்து சத்தமே இல்லை. அது அணைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ராசா வாயை மூடியது. மெதுவாகக் கீழே இறங்கி ஒரு சுற்றுச் சுற்றியது. போனை எடுத்துப் பெட்டிக்கு மேலே பிடித்தேன். ஐயாவின் முகம் அப்படியே இருந்தது, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு. ராசா அதைப் பார்த்ததுதான் தாமதம், தண்ணீரை விட்டு எழும்பிப் போனைக் கடிக்க வந்தது.

"இப்ப பேசலாமா?" என்று கேட்டார் ஐயா.

யாத்திரை முடிந்து வந்த அன்று ஐயா நேராகக் கடைக்குத்தான் வந்தார். நான் உணவுப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் ராசாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு முதலாளியிடம் சொன்னார்:

"போன் கடைக்காரனுக்கு வேற எடம் பாக்கச் சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு. என்ன இதுவரைக்கும் ஒருத்தரும் வாய மூடச் சொன்னதில்ல."

முதலாளி என்னைத் தேடினார். அந்த நேரத்தில் ஐயாவின் வீட்டு அம்மா பெட்டிகளுக்குப் பின்னால் வந்து, பிரசாதப் பொட்டலத்தை என் கையில் வைத்து, காதோடு சொன்னார்:

"நானும் பக்கத்துலதான் இருந்தேன் புஷ்பம். முப்பது வருசமா நான் சொல்ல நெனச்சத நீ சொல்லிட்ட. மனுசன் கேட்டும் இருந்தாரு பாரு, அதுதான் அதிசயம்."

ராசாவை அன்றோடு நம் கடையிலேயே விட்டுவிட்ட ஐயா, இப்போதும் அதைப் பார்க்கக் கடைக்கு வருவார். ராசா கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தாலும் கத்துவார். வெந்நீர் ஊற்று என்பார், தண்ணீரை மாற்று என்பார், உடனே செய் என்பார். பயப்படாதீர்கள், எதிர்த்தும் பேசாதீர்கள். முதலில் கையைத் தொட்டியில் விட்டுப் பாருங்கள். ராசா கடித்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். விரலைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் ஐயாவுக்குப் பதில் சொல்லுங்கள்.